தாய்வீடு போகிற மீன்

வேல்ஸ் நாட்டில் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ஒருவர் டாக்டராக இருக்கிறார். உடன்குடிக்காரர். சைவக் குடும்பம், முட்டை கூடத் தொட்டு அறியாதவர். அப்படிப்பட்டவர் போன ஆடி மாதம் எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். கடிதம் முழுவதும் மீன்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல், நன்றாக இருட்டிய பிறகு, இடுப்பளவு ரப்பர் ஜோடு மாட்டிக்கொண்டு ஒரு சின்ன ஆற்றில் இறங்கி நிற்பாராம். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வருகிற ட்ரௌட் மீனுக்காகத் தூண்டில் வீசுவாராம். அந்த ஊரில் அதற்குச் 'சூவின்' என்று செல்லப் பெயர். பகலில் நிழல் அசைந்தால் கூட ஓடி ஒளிகிற மீன், இருட்டில்தான் கொஞ்சம் தைரியம் கொள்ளுமாம். அன்றைக்கு மூன்று மீன் பிடித்தார். மூன்றையும் தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டார். "சால்மன் கிடைத்தால் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று 2020 முதல் இங்கே சட்டமே இருக்கிறது. ட்ரௌட்டை நானாகத்தான் விடுகிறேன்" என்று எழுதியிருந்தார்.

விடுவதற்காகவா ஐயா ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பிடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பதில் போட்டேன். அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: "அந்தக் கதையை எழுதிய நீயா இதைக் கேட்கிறாய்?"

எந்தக் கதை என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்தக் கதையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நேராக அங்கே போக முடியாது; கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். எங்கள் ஊர் ஆறு கூட அப்படித்தான் போகிறது.

கடல் ட்ரௌட் என்பது தனி ஜாதி மீன் இல்லை என்று சிநேகிதர் எழுதியிருந்தார். ஓடையிலேயே பிறந்து ஓடையிலேயே கிடக்கும் பழுப்பு ட்ரௌட்டும் அதுவும் ஒன்றேதான். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளில் சில, ஒன்றிரண்டு வருஷம் கழித்து, உடம்பெல்லாம் வெள்ளியாக மின்ன ஆரம்பித்துக் கடலுக்குப் போய்விடுகின்றன. மற்றவை பிறந்த குட்டையிலேயே, அதே பழுப்பு நிறத்தோடு, அதே கல்லுக்கடியில் காலத்தைக் கழிக்கின்றன. போனவை கொழுத்துப் பெருத்துத் திரும்பி வருகின்றன.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வந்தது. உடன்குடியில் எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் அண்ணன் சென்னையிலோ பம்பாயிலோ மளிகைக் கடை வைத்திருப்பார். முந்தின தலைமுறையானால் கொழும்பில். தம்பி ஊரிலேயே இருந்து பனங்காட்டையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்வார். கொடைக்கு வருகிறபோது அண்ணன் வெள்ளை வெளேரென்று வருவார். தம்பி கருப்பட்டி நிறத்தில் நின்று பெட்டியை வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டில் கடலுக்குப் போன மீன் என் அப்பா. ஓடையிலேயே கிடந்த மீன் என் சித்தப்பா.

நம் நாட்டில் இந்த மாதிரி மீன் உண்டா என்று ஒருவர் கேட்கலாம். ட்ரௌட் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டிக் குளிர் போதவில்லை. அந்தக் குளிரில் பிடிக்கிறதற்கு ஊர் மீனும் வேண்டியிருந்தது. பிரான்சிஸ் டே என்கிற ராணுவ டாக்டர், இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் புத்தகம் எழுதியவர், 1863ஆம் வருஷம் இங்கிலாந்திலிருந்து ட்ரௌட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பார்த்தார். நீலகிரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் வீணாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் வந்துதான் காரியம் கைகூடியது. அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. வானவில் ட்ரௌட் அங்கே நிலைத்தது. நான் ஒருமுறை அங்கே போய், சிமெண்டுத் தொட்டியில் அவை வரிசையாக எதிர்நீச்சலில் நிற்பதைப் பார்த்தேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே ஜாதி மீன்களில் ஒரு பகுதி கடலுக்குப் போய்த் திரும்புமாம். அவலாஞ்சி மீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கீழே இறங்கினால் வெயில். வெயிலில் அதற்குச் சாவு.

அந்நிய மீனை விட்டுவிட்டு நம்முடையதையே பார்த்தால் உல்லம் இருக்கிறது. வங்காளிகள் உயிரை விடுகிற இலிசு மீன்தான் அது. சால்மனைப் போலவே கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். காவிரியில் அது வெகு தூரம் ஏறி வந்த காலம் ஒன்று உண்டு. கொள்ளிடத்தில் குறுக்கே அணைகள் எழுந்தன. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. சால்மன் துள்ளும், படி கட்டி வைத்தால் ஏறும். உல்லத்துக்குத் துள்ளத் தெரியாது. கங்கையிலும் இதே கதைதான். அலகாபாத் வரைக்கும் போய்க்கொண்டிருந்த மீனை 1975இல் பராக்கா அணை வழிமறித்தது. அணை கட்டாமல் இருக்க முடியாது என்று சொல்வார்கள். நானும் சோறு தின்கிறவன்தான், மறுத்துப் பேச வாயில்லை. ஆனாலும் கதவு சாத்தியிருக்கிற வீட்டு வாசலில் வந்து நிற்கிற பிள்ளைத்தாய்ச்சியைப் போல அந்த மீனை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

பிள்ளைத்தாய்ச்சி என்று வேண்டுமென்றேதான் சொல்லுகிறேன். சால்மன் ஏன் அத்தனை பாடுபட்டு ஆற்றில் ஏறுகிறது என்று வெள்ளைக்காரர்கள் எத்தனையோ புத்தகம் எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறது. ஆற்று நீருக்குள் வந்த பிறகு சால்மன் சாப்பிடுவதே இல்லை. கடலில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டே போய்ச் சேருகிறது. பசிபிக் கடல் ஜாதிகளில் முட்டையிட்டதோடு தாயும் தகப்பனும் செத்தே போகின்றன. அட்லாண்டிக் ஜாதியில் சில பிழைத்துத் திரும்பும். எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஆர்தர் ஹாஸ்லர் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1950களில் விடை சொன்னார். பிறந்த ஓடையின் வாசனை. மூக்கை அடைத்துவிட்ட மீன்கள் வழி தவறிப்போயின என்று சோதனை செய்தே காட்டினார். இதற்குச் சோதனை எதற்கு? பதநீர் காய்ச்சுகிற மாதங்களில், பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், உடன்குடி வந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியும்.

இனி எங்கள் ஆற்றுக்கு வருகிறேன்.

கருமேனியாறு என்று பெயர். பெயரைக் கேட்டால் பெரிய நதி போலிருக்கும். நாங்குநேரிச் சீமையில் பிறந்து, சாத்தான்குளத்தைத் தொட்டுக்கொண்டு, தேரிக் காட்டுச் செம்மணலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து வந்து மணப்பாட்டில் கடலைச் சேருகிறது. சேருகிறது என்பது கூட மரியாதைக்குச் சொல்லுகிற வார்த்தை. வருஷத்தில் பெரும்பகுதி அது மணல்தான். தாமிரவருணி வெள்ளத்தை இந்த ஆற்றுக்கும் நம்பியாற்றுக்கும் திருப்புவதற்காக 2009இல் அடிக்கல் நாட்டி, சுமார் 75 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். அதுவரையில் மேகம் பார்த்த ஆறுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் செந்தண்ணீர் புரண்டு வரும். அப்புறம் மறு வருஷம்.

ஆனால் மணப்பாட்டில் மட்டும் தண்ணீர் வற்றுவதில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றும், அதன்மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயிலும், பக்கத்தில் கலங்கரை விளக்கும் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியிருந்த குகையும் அங்கேதான். குன்றின் மேல் நின்று பார்த்தால் கீழே கழி பளபளவென்று கிடக்கும். கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல் திட்டு. கோடையில் அலை மணலைத் தள்ளித் தள்ளி வாயை அடைத்துவிடும். மழை பெய்து ஆறு புரண்டு வந்தால் உள்ளே தண்ணீர் ஏறி ஏறி, ஒரு நாள் ராத்திரி திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். எங்கள் வீட்டில் கல்யாணத் தேதி மறந்து போகும். எந்த வருஷம் எந்தத் தேதியில் வாய் உடைந்தது என்று சித்தப்பாவுக்கு மறக்காது.

அந்த உடைப்புக்காகத்தான் மீன்கள் காத்திருக்கும். மடவை கூட்டம் கூட்டமாக நிற்கும். காலா வரும். விலாங்கு சேற்றுக்குள்ளிருந்து புறப்படும். எல்லாவற்றுக்கும் மேலே கொடுவா. சால்மனுக்குத் தாய்வீடு ஆறு; கொடுவாவுக்குத் தாய்வீடு கடல். கடல் முகத்தில் உப்புத் தண்ணீரில் பிறக்கும். விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போதே கழிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி வந்து, மடவைக் குஞ்சையும் இறாலையும் தின்று வளரும். சூல் கொண்டால் கடல் முகத்துக்குத் திரும்பிவிடும். புகுந்த வீடு எத்தனை வசதியாக இருந்தாலும் பிரசவத்துக்கு அங்கேதான். வேல்ஸ் மீன் மேலே ஏறுகிறது, எங்கள் மீன் கீழே இறங்குகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்குக் கருப்பட்டி மண்டியில் நிறுவை வேலை. சனிக்கிழமை மத்தியானத்தோடு மண்டி முடியும். சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு, ஹாண்டில்பாரில் ஒரு தூக்குவாளி, குறுக்குக் கம்பியில் நான். எட்டு வயதிலிருந்து பதினாலு வயது வரை என்னுடைய சனிக்கிழமைகள் எல்லாம் அந்தக் குறுக்குக் கம்பியில்தான் கழிந்தன. அப்பா சென்னையில் கடையில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து என் தலையைத் தடவி, எத்தனையாம் வகுப்பு என்று கேட்பார். ஆகையால் எனக்குத் தகப்பன் செய்ய வேண்டிய காரியங்களைச் சித்தப்பா செய்தார். அவற்றில் முக்கியமானது தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தது.

மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. இவ்வளவுதான் சாமான். கொடுவாவுக்கு உயிர் இறால்தான் இரை. வாலுக்கு மேலே ஒரு கட்டு விட்டு முள்ளை மாட்ட வேண்டும்; இறால் சாகக் கூடாது. "ஏல, அது நீந்துதுன்னு மீன் நெனைக்கணும். நீ நிக்கேன்னு அதுக்குத் தெரியக் கூடாது" என்பார். நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனுக்கு எதிரே உட்கார வேண்டும். கச்சான் காற்று அடித்தால் ஓர் இடம், வாடை திரும்பினால் வேறோர் இடம். கடல் ஏற்றத்தில் திட்டுப் பக்கம், வற்றத்தில் உட்புறம். பேசலாம், ஆனால் காலால் மணலை மிதிக்கக் கூடாது. "சத்தம் காதுல கேக்காதுல அதுக்கு. ஒடம்புல கேக்கும்."

கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயை ஒரு பெட்டியைப் போலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்திக் கருக்கலில், தக்கை கண்ணுக்குத் தெரியாமல் போகிற நேரத்தில், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் காரியம். அந்த ஒரு சத்தத்துக்காக மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறோம். ஒன்றுமே கிடைக்காமல் திரும்பி வந்த நாட்கள்தான் அதிகம். அம்மா சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சித்தப்பா சைக்கிளைச் சாத்திக்கொண்டே, "இன்னைக்கு மீனுக்கு விரதம், மதினி" என்பார்.

1992ஆம் வருஷம் நவம்பர் மாதம் தாமிரவருணியில் பெருவெள்ளம் வந்தது. அந்தப் பக்கத்து மனிதர்கள் இன்றைக்கும் பேசுகிற வெள்ளம். எங்கள் கருமேனியாறும் தன்னால் இயன்றதைச் செய்தது. மணப்பாட்டில் திட்டு உடைந்துவிட்டது என்று செய்தி வந்த அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை. ஆனாலும் சித்தப்பா மண்டிக்கு மட்டம் போட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன்.

உடைப்பு இருபது முப்பது அடி அகலத்துக்கு இருந்தது. உள்ளேயிருந்து செந்தண்ணீர் உருண்டு திரண்டு போய்க் கடலின் நீலத்தில் விழுந்தது. இரண்டு பக்கமும் மணல் துண்டு துண்டாகச் சரிந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டத்துக்குக் கம்பு உதவாது, கைத்தூண்டில்தான். சித்தப்பா எனக்குத் தடித்த நரம்பு ஒன்றைக் கொடுத்து, "கையில சுத்தாதே" என்று சொல்லிவிட்டு நாலு கஜம் தள்ளிப் போய் நின்றார்.

நான் சுற்றினேன். இரண்டு சுற்று. ஈர நரம்பு வழுக்கியது. மீன் வந்து அது கையை விட்டுப் போய்விடுமே என்று பயம்.

மீன் வந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ கையைப் பிடித்து, 'வா' என்று இழுத்தது போல இருந்தது. அடுத்த நிமிஷம் உடைப்பின் நடுவில் அது ஒரு முறை எழும்பித் தலையை உதறியது. வெள்ளிப் பாளம். கண் மட்டும் சிவப்பாக எரிந்தது. அது எத்தனை கிலோ இருந்தது என்று கேட்காதீர்கள். நான் சொல்லுகிற எடை வருஷத்துக்கு அரைக் கிலோ ஏறிக்கொண்டே வருகிறது. தலையைக் கடல் பக்கம் திருப்பி ஓட ஆரம்பித்தது. தண்ணீரும் அதே பக்கம் ஓடியது. "விடுல! விடு!" என்று சித்தப்பா கத்தியது காதில் விழுந்தது. விடுவதாவது! ஆறு வருஷம் குறுக்குக் கம்பியில் உட்கார்ந்து போய்க் காத்திருந்த மீன் அது.

சித்தப்பா ஓடி வந்தார். இரை நறுக்குகிற பேனாக்கத்தி அவர் கையில் இருந்தது. என் கைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நரம்பை அறுத்தார்.

நான் பின்பக்கமாக மணலில் விழுந்தேன். எழுந்து அவரை அடிக்கப் போனேன் என்றே நினைக்கிறேன். என் விரல்களில் நரம்பு அறுத்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அது கூட உறைக்கவில்லை. சித்தப்பா என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு, "போகட்டும்ல. போற மீனைப் போக விடணும்" என்றார்.

வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடித்தபோது நான் வெளியே போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமையும் மணி கேட்டது. நான் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன். அப்புறம் மணி அடிக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் அப்பா வந்து என்னையும் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ரயிலேற்ற வந்த சித்தப்பா கருப்பட்டிச் சிப்பம் ஒன்றை என் மடியில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னால் நான் எழுத்தாளன் ஆனேன். எழுத்தாளன் என்பவன் எந்தக் கஷ்டத்தையும் வீணாக்காதவன். கொடுவாவைப் பற்றி எங்கேயோ படிக்க நேர்ந்தது. அது சிறு வயதில் ஆணாக இருக்கும். நாலைந்து வருஷம் போன பிறகு பெண்ணாக மாறிவிடும். ஆகையால் பெரிய மீன்கள் அநேகமாக எல்லாம் பெண்களே. 1997இல் சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்ததையும் படித்தேன். எனக்கு மயிர் சிலிர்த்தது. ஆக, அன்றைக்கு உடைப்பில் போனது பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்! எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிற என் சித்தப்பா அதை அறிந்திருந்தார்! 'போற மீனைப் போக விடணும்' என்கிற வாக்கியத்தின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது. உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். அதில் சித்தப்பா கிட்டத்தட்ட ஒரு ரிஷி. கதைக்கு நல்ல பெயர் வந்தது. பரிசு ஒன்றும் கிடைத்தது. வேல்ஸ் டாக்டர் மாதிரி எத்தனையோ பேர், அதைப் படித்த பிறகு மீன் சாப்பிடும்போது ஒரு நிமிஷம் தயங்குவதாக எழுதினார்கள். சித்தப்பாவுக்குப் பத்திரிகையை அனுப்பி வைத்தேன். "கெடச்சுது" என்று பதில் வந்தது. கடன் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நடுவெள்ளத்தில் நின்றது. சித்தப்பாவின் போன் மூன்று நாள் அடிக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத விருப்பமில்லை. நாலாவது நாள் அவரே கூப்பிட்டு, "வாய் ஒடஞ்சிட்டுல. இம்புட்டு அகலத்துக்கு நான் பாத்ததே இல்ல" என்றார். வீட்டுச் சுவர் விழுந்த விஷயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

ரயில் ஓட ஆரம்பித்ததும், ஜனவரியில் ஊருக்குப் போனேன். சித்தப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வலக் கண்ணில் பார்வை குறைவு. "வா, போவோம்" என்றார். இந்தத் தடவை நான் ஸ்கூட்டர் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் ரோடு அரித்துக்கொண்டு போயிருந்தது. பனைமரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மணப்பாட்டுக் கழி அடையாளம் தெரியாமல் இருந்தது. திட்டில் பாதியைக் காணோம்.

இருவரும் மணலில் உட்கார்ந்து தூண்டில் போட்டோம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இறாலுக்கு முள் மாட்ட என் விரல்களுக்கு மறக்கவில்லை. தக்கை ஆடாமல் நின்றது. தூரத்தில் மடவை ஒன்று துள்ளி விழுந்தது.

"சித்தப்பா, அன்னைக்கு அது சூல் மீன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எது?"

"நீங்க அறுத்துவிட்ட மீன்."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "சூலா? அத எவன் கண்டான்! ஓங்காலுக்குக் கீழ மண்ணு போய்க்கிட்டிருந்துதுல. கையில வேற சுத்தி வச்சிருக்க. இன்னும் ரெண்டு எட்டு இழுத்திருந்தா நீ கடல்ல கெடப்பே. ஒனக்கு நீச்சலும் தெரியாது. எனக்கும் அந்த ஓட்டத்துல எறங்கத் தெம்பு இல்ல."

நான் சற்று நேரம் பேசவில்லை. "பின்னே ஏன் அதைச் சொல்லவில்லை? போற மீனைப் போக விடணும்னு..."

"நீ அழுத. என்னத்தையாவது சொல்லணும்லா?" என்றார். தக்கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நெசத்தச் சொன்னா நீ போயி ஒங்க அம்மைட்ட சொல்லுவ. 'செத்துப் பொழச்சேன்'னு சொல்லுவ. அப்புறம் மதினி ஒன்னய என்கூட விடுவாளா?"

என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். சுண்டுவிரலுக்குக் கீழே வெள்ளைக் கோடாக அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. என்னைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக அவர் ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்க்காகத்தான் நான் அவரோடு போகாமல் இருந்தேன். வாசலில் மூன்று சனிக்கிழமை அடித்த அந்த மணி, முப்பத்தோரு வருஷம் கழித்து, அந்த மணலில் என் காதில் கேட்டது. என்னுடைய கதையில் அந்த மணி இல்லை. மீனின் மகிமையும் சித்தப்பாவின் ஞானமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு மனிதர் பயந்துபோய் ஓடி வந்தார் என்பது ஒரு வரி கூட இல்லை.

"அந்தக் கதையை மாற்றி எழுதிவிடட்டுமா, சித்தப்பா?" என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தானே எழுதியிருக்க. மண்டியில எல்லாரும் படிச்சாவ. மீனுக்காக அறுத்தேன்னே இருக்கட்டும். ஒரு பயலுக்காக அறுத்தேன்னு எழுதினா அதுல என்ன இருக்கு? எல்லாரும்தான் அறுப்பான்."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வேல்ஸ் சிநேகிதருக்கும் இன்னும் பதில் எழுதவில்லை. இந்தக் கட்டுரையை அனுப்பி வைக்கலாம் என்று இருக்கிறேன். அவர் ஆற்றில் இறங்கி நிற்கிறபோது கரையில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்க வேண்டும்.

இருட்ட ஆரம்பித்தது. குன்றின் மேல் விளக்குச் சுழலத் தொடங்கியது. எங்கேயோ உட்புறத்தில், 'டப்' என்று ஒரு சத்தம். இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். நான் நரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தேன்.

"ஏல, இப்பவாவது நீச்சல் தெரியுமா?" என்றார் சித்தப்பா.

"தெரியாது, சித்தப்பா."

"அப்ப தள்ளி உக்காரு."

நான் தள்ளி உட்கார்ந்தேன்.